ஏன் ஒன்பதாம் மாதம்?

தட்டம்மை ஊசியை ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான் போடுவார்கள். எட்டாம் மாதமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போனால், "அடுத்த மாசம் புதன்கிழமை வாங்கம்மா" என்று கிராம சுகாதார செவிலியர் திருப்பி அனுப்பிவிடுவார். அமெரிக்காவில் இதே நோய்க்கான ஊசியை வழக்கமாக ஒரு வயது முடிந்த பிறகுதான் போடுகிறார்கள். கிருமியும் ஒன்று, குழந்தையின் உடலும் ஒன்று. பிறகு தேதி மட்டும் ஏன் மாறுகிறது?

விடை தாயிடம் இருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்கின்றன. அம்மாவுக்கு எந்தெந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதோ அதில் ஒரு பங்கோடுதான் குழந்தை பிறக்கிறது. குறைமாதத்தில் பிறந்தால் அந்தப் பங்கு குறைவு. ஆனால் இது இரவல் சொத்து. மாதம் ஏற ஏறக் கரைந்துகொண்டே வரும். சில குழந்தைகளுக்கு ஆறாம் மாதமே தீர்ந்துவிடும். சிலருக்கு ஒரு வயதை நெருங்கும்வரை மிச்சம் இருக்கும்.

அந்த மிச்சம்தான் ஊசிக்கு இடைஞ்சல். தட்டம்மை ஊசியில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்த வைரஸ். அது குழந்தையின் உடலில் கொஞ்சமாவது பெருகினால்தான் குழந்தை தானாக எதிர்ப்புச் சக்தி செய்யப் பழகும். தாய் தந்த புரதம் உள்ளே காவல் நின்றால், ஊசியில் வந்த வைரஸையும் எதிரி என்றே எண்ணி அழித்துவிடும். ஊசி குத்தியது வீணாகிப் போகும். ஒன்பதாம் மாதத்தில் போட்டால் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 85 பேருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. ஒரு வயதில் போட்டால் ஏறத்தாழ 95 பேருக்கு.

அப்படியானால் எல்லோரும் ஒரு வயதுவரை காத்திருக்கலாமே? காத்திருக்கலாம், அதுவரை தட்டம்மையும் காத்திருக்குமென்றால். எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு இந்த நோயைப் பரப்புவார். தொற்று நோய்களில் இவ்வளவு வேகமாகப் பரவுபவை மிகச் சில. நோய் நடமாடும் ஊரில் பச்சிளம் குழந்தைக்கு அது வந்தால் நிமோனியாவிலும் வயிற்றுப்போக்கிலும் கொண்டுபோய் விடும். சாவும் அந்த வயதில்தான் அதிகம். எனவே நம்மைப் போன்ற நாடுகளில், பத்துப் பேருக்குப் பலன் குறைந்தாலும் பரவாயில்லை, மூன்று மாதம் முந்துவோம் என்று முடிவெடுத்தார்கள். தப்பியவர்களைப் பிடிக்கத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. அதை வெறும் 'பூஸ்டர்' என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. முதல் ஊசி வேலை செய்யாத குழந்தைக்கு அதுதான் முதல் ஊசி. எந்தக் குழந்தை, எதிர்ப்புச் சக்தி வராத அந்தப் பதினைந்தில் ஒன்று என்பது வெளியே பார்த்தால் தெரியாது.

அம்மை வந்தால் ஒரு தடவை வந்து போகட்டும், உடம்புக்கு நல்லதுதான் என்ற பேச்சை இன்றும் கேட்கிறேன். வேப்பிலை கட்டி, குழந்தையைத் தனியே குளிர்ச்சியாக வைத்துப் பார்த்துக்கொண்ட வழக்கத்தில் அன்பும் இருக்கிறது, தனிமைப்படுத்தும் அறிவும் இருக்கிறது. ஆனால் தட்டம்மை வந்து போவதில்லை, எடுத்துக்கொண்டு போகிறது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, நோய் கண்ட குழந்தைகளின் இரத்தத்தை முன்னும் பின்னும் சோதித்தது. மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தன. அம்மை இறங்கிய பிறகு மாதக்கணக்கில் சளியும் காய்ச்சலும் விடாமல் படுத்துவதற்கு இது ஒரு காரணம்.

தடுப்பூசி அட்டையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் இப்படியொரு கணக்கு இருக்கிறது. தேதியை அரசாங்கம் ஏதோ நிர்வாக வசதிக்காகப் போட்டதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். கணக்கு தெரிந்தால், அட்டையை ஒன்றரை வயதோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட மனம் வராது என்று நம்புகிறேன்.

பிறந்த அன்றைக்கே மூன்று. வாயில் இரண்டு சொட்டு போலியோ மருந்து, இடது தோளில் காசநோய்க்கான பி.சி.ஜி., தொடையில் மஞ்சள் காமாலை பி ஊசி. கடைசியாகச் சொன்னதை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று வற்புறுத்துவார்கள். தாய்க்கு இந்த வைரஸ் இருந்தால் பிரசவத்தின்போதே குழந்தைக்குப் போய்விடக்கூடும். பெரியவர்களுக்கு இது தொற்றினால் 100-ல் 95 பேருக்கு மேல் தானாகவே வெளியேறிவிடும். பிறக்கும்போது தொற்றினால் தலைகீழ்: ஏறத்தாழ 90 பேரிடம் ஆயுளுக்கும் தங்கி, நடுவயதில் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படக்கூடும். மறுநாள் போடலாம், நல்ல நாள் பார்க்கலாம் என்பதற்கு இங்கே இடமில்லை.

பி.சி.ஜி.யின் கதையில் நம் ஊருக்கும் பங்குண்டு. பிரான்சின் லீல் நகரில் கால்மெட், கெரின் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் கொடுமையை இழக்கச் செய்தார்கள். 1921-ல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். இந்தியாவில் அதைத் தயாரிக்கும் ஆய்வகம் 1948-ல் சென்னை கிண்டியில் தொடங்கியது. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வைத்து ஒரு பெரிய சோதனை தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று அது காட்டியது. உலகமே திகைத்த முடிவு. பிறகும் ஏன் போடுகிறோம்? சிறு குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கும் காசநோயையும், உடலெங்கும் பரவும் காசநோயையும் அது தடுக்கிறது. அவை குழந்தையைக் கொல்லும், அல்லது செவிடும் குருடுமாக்கிவிடும். ஒரு தடுப்பூசி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று இவ்வளவு திறந்த மனத்தோடு சோதித்துப் பார்த்த மண் இது. அதை நாம் பெருமையோடு நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஊசி போட்ட சில வாரங்களில் குழந்தையின் தோளில் சிறு கட்டி எழும்பி, கொஞ்சம் சீழ் வைத்து, ஆறி, வட்ட வடுவாக நிற்கும். பயந்துபோய் மஞ்சள் பத்து போடுகிறவர்களும், பிதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். ஊசி வேலை செய்யும்போது அப்படித்தான் இருக்கும். அதுவாக ஆறிவிடும்.

ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்கள்தான் வீட்டில் இரவுத் தூக்கம் கெடுபவை. தொடையில் போடும் ஐந்துநோய் ஊசி, அதாவது பென்டாவேலன்ட், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் என்ற ஐந்தையும் தடுக்கிறது. இந்தியாவில் இதை அரசுத் திட்டத்தில் முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும், 2011 டிசம்பரில். ஆறாம் வாரமே தொடங்குவதற்குக் கக்குவான் முக்கியமான காரணம். பெரிய பிள்ளைகளுக்கு அது நீண்ட இருமல். இரண்டு மாதக் குழந்தைக்கோ இருமக்கூடத் தெம்பு இருக்காது, மூச்சு நின்றுவிடும். தாயிடமிருந்து வரும் பாதுகாப்பும் இந்த நோய்க்குச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஹிப் கிருமியில்தான் எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் இருக்கிறது. இந்தக் கிருமி சர்க்கரைச் சங்கிலியாலான ஓர் உறையைப் போர்த்திக்கொண்டு வருகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் அந்தச் சர்க்கரை உறையை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் அது கொண்டுவருவதும் சரியாக அந்த வயதில்தான். சர்க்கரையை மட்டும் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள், கைக்குழந்தைகளிடம் பலிக்கவில்லை. பிறகு அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதிப்பிணைப்பால் கோத்தார்கள். குழந்தையின் உடல் புரதத்தை நன்றாக அடையாளம் காணும். சர்க்கரையைப் பற்றிக்கொண்ட வெள்ளணு, கூடவே வந்த புரதத்தை உதவி அணுவிடம் காட்டுகிறது. அது உத்தரவு தர, சர்க்கரைக்கு எதிரான புரதம் உற்பத்தியாகிறது, நினைவிலும் பதிகிறது. நிமோனியாவுக்கு எதிரான பி.சி.வி. ஊசியும் இதே உத்திதான். தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் விலை வைத்திருந்த அந்த ஊசி, 2021 முதல் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஊசி போட்ட இரவு காய்ச்சல் வருவது பெரும்பாலும் கக்குவான் பகுதியால். எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் சொட்டு மருந்து போதும். தொடையைத் தேய்க்க வேண்டாம். ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தைக்கு வலி குறைவாகத் தெரியும். இதைத் தயங்காமல் செவிலியரிடம் கேளுங்கள்.

வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு மருந்தும் இந்த வாரங்களில்தான். ஐந்து சொட்டுகளாகக் கொடுக்கப்படும் ரோட்டாவேக், டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் கண்டெடுத்த ஒரு வைரஸிலிருந்து உருவானது. அந்தக் குழந்தைகளுக்குத் தொற்று இருந்தும் வயிற்றுப்போக்கு இல்லை. வேலூர் உட்பட மூன்று இடங்களில் சோதித்ததில், கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்குச் சற்று மேல் அது தடுத்தது. பாதிதானா என்று தோன்றும். குளுக்கோஸ் ஏற்றக் குழந்தையின் நரம்பு கிடைக்காமல் தவிக்கும் வார்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாதியின் மதிப்பு தெரியும்.

இப்போது ஊசி போடும் மேசைக்குக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். மருந்துக் குப்பியின் மேல் ஒரு சிறு வட்டம், அதன் நடுவே வெளிர்நிறச் சதுரம். சூடு படப்படச் சதுரம் கருக்கும். ஆறினாலும் பழைய நிறத்துக்குத் திரும்பாது. தொழிற்சாலையிலிருந்து இந்த மேசைவரை குப்பி பட்ட மொத்தச் சூட்டையும் அது கணக்கு வைத்திருக்கிறது. சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியைத் தூர எறிய வேண்டும். உயிருள்ள வைரஸ் மருந்துகளுக்குச் சூடு ஆகாது. பென்டாவேலன்டுக்கு உறைநிலை ஆகாது. அதனால்தான் 2 முதல் 8 டிகிரி. தட்டம்மை மருந்தைக் கரைத்த பிறகு நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும், மீந்தால் அழித்துவிடுவார்கள். ஊசிக்குழலின் உலக்கை ஒரு தரம் அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க வராது. ஊசியை வெட்டி டப்பாவில் போடுவது வரை எல்லாம் உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். சதுரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. நல்ல செவிலியர்கள் தாங்களாகவே காட்டுவார்கள்.

போலியோவுக்குச் சொட்டு மருந்தோடு தோளில் ஓர் ஊசியும் உண்டு. வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்கு, 0.1 மில்லி, தோலுக்குள்ளேயே செலுத்துவார்கள். சரியாகப் போட்டால் சிறு கொப்புளம் எழும்பும். உலகம் முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்த 2016-ல் இந்தியா தைரியமாக இந்த வழியை எடுத்தது. தோலில் காவல் அணுக்கள் நெருக்கமாக இருப்பதால் குறைந்த மருந்தே போதுமானதாகிறது. இயற்கையாகப் பரவும் வைரஸால் வந்த நாட்டின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டார். அதற்குப் பின்னும் ஏன் என்றால், வைரஸ் பக்கத்து நாடுகளை விட்டு இன்னும் போகவில்லை.

ஊசிக்காகப் போகிற அதே நாளில் நடக்கும் இன்னொரு வேலையைப் பெற்றோர்கள் பெரிதாக நினைப்பதில்லை. குழந்தையைத் தராசில் போட்டு, எடையை அட்டையில் புள்ளியாக வைப்பது. எனக்கு ஊசியை விட அந்தப் புள்ளி முக்கியமாகத் தோன்றும் நாட்கள் உண்டு.

பிறந்த முதல் வாரத்தில் எடை குறையும்; பத்து, பதினைந்து நாளில் பழைய எடைக்கு வந்துவிடும். ஐந்தாம் மாதம் வாக்கில் இரட்டிக்கும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். ஒரு நாள் எடை எத்தனை கிலோ என்பது அதிகம் சொல்லாது. புள்ளிகளைச் சேர்த்த கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்பதுதான் சேதி. கோடு படுப்பது பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பிறகு. தாய்ப்பால் மட்டும் போதாமல் போகிற நேரத்தில், தண்ணியாக ஒரு கஞ்சியும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து, ஊட்டியாயிற்று என்று நினைக்கும் வீடுகளில். மசித்த பருப்புச் சாதமும் ஒரு ஸ்பூன் நெய்யும் முட்டையும் இரண்டே மாதத்தில் அந்தக் கோட்டை நிமிர்த்தும். கோடு எச்சரிப்பது குழந்தை மெலிந்து கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பு.

"எங்க பரம்பரையே குட்டைதான்" என்பார்கள். 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்தது. நல்ல வசதியும் தாய்ப்பாலும் கிடைத்த தெற்கு டெல்லிக் குழந்தைகள், நார்வே குழந்தைகளோடு ஏறக்குறைய சமமாகவே வளர்ந்தார்கள். நம் அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோடுகள் அந்த அளவீட்டிலிருந்து வந்தவை. முதல் ஐந்து ஆண்டுகளின் உயரத்தைப் பரம்பரையை விடச் சோறும் சுத்தமும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன.

கழுத்து நிற்பது, சிரிப்பது, உட்காருவது எல்லாவற்றையும் அன்றைக்கே கேட்பார்கள். நடப்பதற்கு இயல்பான எல்லை விரிந்தது. எட்டு மாதத்திலும் நடக்கலாம், பதினேழரை மாதத்திலும் நடக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். ஆனால் காது விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. "அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்" என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ குழந்தைகளின் பேச்சைத் தின்றிருக்கிறது. கேளாமையை முதல் மாதத்தில் சோதித்து, மூன்றாம் மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறாம் மாதத்துக்குள் கருவி பொருத்த வேண்டும் என்பது மருத்துவர்களின் இலக்கு. மூளையின் மொழிப் பகுதி சத்தத்துக்காகக் காத்திருக்கும் காலம் குறுகியது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டில் செவிக்குள் பொருத்தும் கருவிக்கான அறுவைக்கு ஆறு வயது என்ற வரம்பு இருப்பதும் அதனால்தான்.

ஒன்றரை வயது ஊசிகள் முடிந்ததும் அட்டை மறைந்துவிடுகிறது. ஐந்து வயதில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி, 10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் சேர்த்து டி.டி. ஊசி. இவற்றை நினைவில் வைத்திருக்கும் வீடுகள் குறைவு. தொண்டை அடைப்பான் ஒழிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் 2016-ல் கேரளத்தின் மலப்புறத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் திரும்பி வந்தது. சிறுவயதில் பெற்ற பாதுகாப்பு ஆண்டுகள் போகப் போகத் தேய்வதால், நோய் இப்போது கைக்குழந்தைகளை விட்டுப் பெரிய பிள்ளைகளைத் தேடுகிறது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு கண்ணையும் பல்லையும் இரத்தசோகையையும் பார்க்கும். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிற மாணவி மக்கு அல்ல; அவளுக்குக் கண்ணாடி வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது. வைரஸைச் சந்திக்கும் முன்பே போட வேண்டும். அந்த வயதில் உடலின் பதிலும் வலுவானது. எத்தனை டோஸ் என்ற கேள்விக்கு விடை கிடைத்ததில் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கைக்கும் பங்குண்டு. 2009-ல் அங்கும் நாட்டின் வேறு சில இடங்களிலும் இரண்டு டோஸா மூன்று டோஸா என்று ஓர் ஆய்வு தொடங்கியது. வேறொரு தடுப்பூசித் திட்டத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சையால் 2010-ல் ஊசி போடுவதை அரசு நிறுத்தச் சொன்னது. ஏறத்தாழ 5,000 பெண்கள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான 16, 18 என்ற இரு வகைகளும் உடலில் தங்குவதை ஒரே டோஸ் 95 விழுக்காடு தடுத்திருந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸ் போதும் என்ற வழியையும் ஏற்றபோது, அந்தச் சான்றும் அதன் முன்னால் இருந்தது.

தேதி தவறிப்போனவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் பெரிய நஷ்டம். எந்த ஊசியையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பி.சி.ஜி.யை ஒரு வயதுவரையும், தட்டம்மை ஊசியை ஐந்து வயதுவரையும், முத்தடுப்பு ஊசியை ஏழு வயதுவரையும் அரசு நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். அட்டை தொலைந்திருந்தால், கர்ப்பகாலத்தில் தந்த பதிவு எண்ணைச் சொல்லுங்கள்; செவிலியரின் பதிவேட்டில் கிடைக்கும். எதுவுமே கிடைக்காவிட்டால் போடாததாகவே எடுத்துக்கொண்டு மறுபடி போடுவார்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் கூடுதலாக ஒரு டோஸ் பொதுவாகக் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது.